பலூன் கொட்டகையும் சிங்கமுகமும்



சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் ரயில் வண்டியில் நீங்கள் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையங்கள் வந்துகொண்டே இருக்கும். வழியெல்லாம் புகைபோக்கிகள், வழியின் முடிவில் சிப்காட் தொழிற்பேட்டை. இப்பாதையில் திருவொற்றியூரைக் கடக்கும்போது, அவ்வூரில் ஒரு காலத்தில் இருந்த சிறிய கொட்டகை ஒன்றை நான் நினைத்துக்கொள்வது வழக்கம். நாடகத்திற்கு வேண்டிய முகமூடியை ரப்பர்ப் பாலால் வீட்டிலேயே செய்துகொள்ளும் கலையைப் பற்றி இன்று பேச வந்த நான், அக்கொட்டகையை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது போகப் போக விளங்கும்.

முகமூடி மிகப் பழைய பொருள். ஆயினும் நம் வடதமிழ்நாட்டுக் கூத்தில் அதற்கு இடம் குறைவு. பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தைக் கண்டவர்கள் அறிவார்கள்: கூத்தர் முகத்தில் அரிதாரம் பூசுவர், தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டையணிகள் தரிப்பர். கலியாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டிய அணிகள் அவை. துரியோதனனுக்கும் துச்சாதனனுக்கும் வேண்டிய அச்சத்தை மைக்கோடும் செந்நிறமுமே தந்துவிடும். ஆனால் சிங்கமுகம் வேண்டும்போது அரிதாரம் போதாது. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நடைபெறும் பாகவத மேளாவில் நரசிம்மர் வேடத்திற்கு முகமூடி உண்டு. அது கோவிலில் வைத்து வழிபடப்படும் முகம். அதை அணிபவர் நோன்பிருந்து அணிவார். இலங்கையின் தென்கரையில் அம்பலாங்கொடை என்னும் ஊர் முகமூடிக்கே பேர்பெற்றது. அங்கே கதுரு என்னும் மென்மரத்தில் முகங்களைக் குடைந்தெடுப்பர்.

மரத்தில் செதுக்கினால் ஒரு முயற்சிக்கு ஒரு முகந்தான். அச்சு இருந்தாலோ ஒரே முகத்தைப் பலமுறை எடுக்கலாம். இவ்வுண்மை நம்மவர்க்குப் புதிதன்று. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை செய்வோர் காகிதக்கூழை இரண்டு அரை அச்சுகளில் அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். நம் வீட்டுப் பெண்மணிகள் கொழுக்கட்டை அச்சைக் கையாள்வதும் அதே தத்துவந்தான். ஆனால் காகிதக்கூழ் கன்னத்தின் சுருக்கத்தையும் தோலின் நுண்துளையையும் பற்றிக்கொள்ளாது, பேசினால் அசையாது. நுண்ணிய பள்ளத்திலெல்லாம் நீர்போல் ஓடிப் பாய்ந்து, பின் தோல்போல் உறையும் ஒரு பொருள் வேண்டும். அப்பொருள் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஒரு மரத்தில் இருந்தது.

நடு அமெரிக்க மக்கள் கி.மு. 1600 அளவிலேயே மரப்பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து பந்து செய்தனர். அமேசான் காட்டு மக்கள் களிமண்ணால் உருச்செய்து, அதன்மேல் மரப்பாலை மீண்டும் மீண்டும் பூசிப் புகையில் உலர்த்தி, உள்ளிருந்த மண்ணை உடைத்துக் கொட்டிவிடுவர். மிஞ்சியது நீர் புகாத குப்பி! 1736-இல் பிரெஞ்சு அறிஞர் லா கொந்தாமின் இப்பொருளின் மாதிரிகளைப் பாரிசுக்கு அனுப்பினார். ஐரோப்பாவைச் சென்றடைந்தது உறைந்த கட்டியே. பால் வழியிலேயே திரிந்துவிடும். கட்டியைக் கரைத்தோ பிசைந்தோதான் அவர்கள் வேலை செய்தனர். 1824-இல் மைக்கேல் ஃபாரடே தம் ஆய்வுக்கென முதல் ரப்பர் பலூனைச் செய்தபோதும், இரண்டு தாள்களை வைத்து ஓரங்களை அழுத்தி ஒட்டியே செய்தார். கோடையில் பிசுபிசுத்துக் குளிரில் வெடிக்கும் அந்த ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றி நிலைபெறச் செய்யும் வழியைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார்.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவு. அக்கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் வேரூன்றின. மரமுகம் செதுக்கும் தீவிலேயே ரப்பர் மரமும் வந்து நின்றது. ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை. கேரளத்தில் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் 1902-இல் ரப்பர்த் தோட்டம் தொடங்கியது.

தோட்டம் இருந்தால் மட்டும் போதுமா? பால் பாலாகவே பயணம் செய்ய வேண்டுமே! சிறிதளவு அம்மோனியா சேர்த்தால் ரப்பர்ப் பால் திரியாமல் நிற்கும். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவே. மீதி பெரும்பாலும் நீர். மையவிலக்குப் பொறியில் சுழற்றினால் ரப்பர் நூற்றுக்கு 60 பங்காகச் செறியும். இவ்விரண்டு வழிகளும் 1920-களில் பெருவழக்காயின. உடனே புதிய தொழில்கள் பிறந்தன. 1931-இல் அமெரிக்காவில் நீல் டில்லட்சன் என்பவர் அட்டையில் ஓர் உருவை வெட்டி, அதனை ரப்பர்ப் பாலில் தோய்த்து உலர்த்தி உரித்தார். அவர் வெட்டிய உரு எது தெரியுமா? காதுகளோடு கூடிய பூனைத்தலை! தோய்த்துச் செய்யும் பலூனின் வரலாறு ஒரு முகத்தோடு தொடங்குவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

இனித் திருவொற்றியூருக்கு வருவோம். கேரளத்தில் வங்கியும் 'மலையாள மனோரமா' நாளிதழும் நடத்திவந்த ஒரு குடும்பம், 1938-இல் திருவிதாங்கூர் அரசின் சினத்திற்கு ஆளாகி இரண்டையும் இழந்தது. வங்கி வீழ்ந்தது, இதழ் மூடப்பட்டது, குடும்பத் தலைவர் சிறை சென்றார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற அவர் மகன் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். இயந்திரம் ஏதும் இல்லை. 1949 அளவில் அக்கொட்டகையிலிருந்து பலூனோடு கையுறைகளும், அழுத்தினால் கீச்சென்று ஒலிக்கும் ரப்பர்ப் பொம்மைகளும் வெளிவந்தன. 1952-இல் தேய்ந்த டயருக்கு மேலிடும் ரப்பர், 1961-இல் பங்குகள் வெளியிட்ட நிறுவனம், பின்னர் டயர். எம்.ஆர்.எப். என்னும் மூன்றெழுத்தை நீங்கள் கிரிக்கெட் மட்டைகளிலும் கண்டிருப்பீர்கள். திருவொற்றியூர் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997-இல் மாவட்டம் பிரிந்தபோது திருவள்ளூரைச் சேர்ந்தது. 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி.

அந்தக் கீச்சுப் பொம்மையைத்தான் நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பலூன் உருவின் வெளிப்புறத்தில் படிவது; பொம்மையோ வார்ப்பு. அச்சின் உட்புறத்தில் பாலை ஊற்றி, ஒரு தோல் படிந்தபின் மீதியைக் கவிழ்த்துவிட்டால் உள்ளீடற்ற உரு கிடைக்கும். அவ்வுருவின் கழுத்தைத் தலை நுழையுமளவு பெரிதாக்கிக் கண்ணில் துளையிட்டுவிட்டால் அதுவே முகமூடி. இயந்திரமற்ற கொட்டகையில் செய்ய முடிந்ததை வீட்டுத் தாழ்வாரத்திலும் செய்யலாம்.

செய்முறையைச் சொல்கிறேன். தலையளவு கட்டை ஒன்றின்மேல் களிமண்ணால் முகத்தை வனைய வேண்டும். ரப்பர் உலரும்போது சற்றே சுருங்கும். ஆகவே முகத்தைச் சிறிது பெரிதாகவே வனைக. பெரிய வடிவம் அமைந்த பின்னரே நெற்றிச் சுருக்கம், மயிர்க்கோடு முதலிய நுணுக்கங்களை மெல்லிய கம்பியால் கீற வேண்டும். பின்னர்க் காதுக்குப் பின்புறமாகக் களிமண் வரம்பு கட்டி, முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனியே பாரிஸ் சாந்து அச்சு எடுக்க வேண்டும். முன்பாதி இறுகியதும் வரம்பை நீக்கி, அதன் ஓரத்தில் இரண்டு மூன்று குழிகள் தோண்டி, சோப்புக் கரைசல் பூசிவிட்டுப் பின்பாதியை இடுக. குழிகள் இருப்பின் இரண்டு பாதிகளும் பிசகாமல் பொருந்தும். சோப்பு பூசாவிடில் இரண்டும் ஒரே பாறையாகிவிடும். ஒவ்வொரு பாதியிலும் முதற்பூச்சு தூரிகையால் மெல்லியதாக இருக்கட்டும். நுணுக்கத்தைப் பற்றுவது அதுதான். அதன்மேல் சாந்தில் நனைத்த சணலை அடுக்குக. சாந்து இறுகும்போது சுடும். வெறுங்கையைச் சாந்தில் புதைத்து வைத்தோ, நண்பன் முகத்தின்மேலேயே சாந்தைக் கொட்டியோ அச்செடுக்க முயலாதீர்கள்.

அச்சைப் பிரித்து, களிமண்ணை அகற்றிக் கழுவி, ஓரிரு நாள் உலரவிட்டு, மீண்டும் இறுகக் கட்டித் தலைகீழாக நிறுத்திப் பாலை மெல்ல ஊற்ற வேண்டும். சாந்து நீரை உறிஞ்சும். சுவரை ஒட்டிய பால் கெட்டிப்படும். அரைமணி நேரமோ அதற்கு மேலோ கழித்து மீதியைப் பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டு, காற்றோட்டத்தில் உலரவிடுக. உரிக்குமுன் உட்புறத்தில் முகமா தூவுக. இன்றேல் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும்.

இதை நான் நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. 1989-இல், பொன்னேரி வட்டத்துப் பள்ளியொன்றில் இளம் ஆசிரியனாக இருந்தபோது, பிரகலாதன் நாடகத்திற்காக மாணவர்களோடு சிங்கமுகம் செய்யத் துணிந்தேன். கொழுக்கட்டை அச்சின் நினைவில், சாந்து அச்சின் உட்புறம் முழுதும் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். 'மாவு ஒட்டாமலிருக்க எண்ணெய். ரப்பரும் ஒட்டாமலிருக்க எண்ணெய்' என்பது என் தருக்கம்! எண்ணெய் ஏறிய சாந்து நீரை உறிஞ்சவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கவிழ்த்தபோது பால் முழுதும் பாலாகவே வெளியேறிற்று. படிந்திருந்த சிறு படலமும் பிசுபிசுத்துக் கிழிந்தது. எண்ணெய் ரப்பருக்குப் பகை என்பதை அப்போதுதான் கற்றேன். வேறு அச்சு எடுத்தோம். அதில் எதையும் தடவவில்லை. சிங்கம் பிடரியின் ஒவ்வொரு கோட்டோடும் வெளிவந்தது.

அதைவிடப் பெரிய பிழையொன்றும் செய்தேன். பால் ஊற்றிய மாணவன் ஒருவன் கை தடித்து அரிக்கிறது என்றான். அம்மோனியா நெடிக்கு அஞ்சி வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று கருதி அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் கண்ணிமையும் வீங்கி வந்து நின்றான். மருத்துவர் பார்த்து அனுப்பிய பின்னரே உண்மை உணர்ந்தேன். இயற்கை ரப்பர்ப் பாலிலுள்ள புரதங்கள் சிலர் உடலுக்கு ஒவ்வாமை தரும். மருத்துவமனைக் கையுறைகளின் பயன் பெருகிய 1980-களில்தான் இது பரவலாக அறியப்பட்டது. சிலருக்கு மூச்சுத் திணறலும் ஏற்படும். பலூன் ஊதினால் உதடு தடிக்கும் இயல்புடையவர் இவ்வேலைக்கு அருகில் வரலாகாது. அம்மாணவனிடம் வகுப்பறையிலேயே மன்னிப்புக் கேட்டேன். நாடகத்தில் அவன் இரணியனாக நடித்தான். அரிதாரம் மட்டுமே பூசினோம்.

வெளிநாடுகளில் இக்கலை திரைப்படத்தால் வளர்ந்தது. 1968-இல் வெளிவந்த வாலில்லாக் குரங்குகள் பற்றிய படத்திற்கு ஜான் சேம்பர்ஸ் நுரை ரப்பரால் அமைத்த முகங்கள் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருதைத் தந்தன. அவை முழு முகமூடிகள் அல்ல. முகத்தில் பகுதி பகுதியாக ஒட்டப்படுவன. நடிகர் கன்னம் அசைத்தால் குரங்கின் கன்னமும் அசையும். 1996-இல் 'இந்தியன்', 'அவ்வை சண்முகி' என்னும் இரண்டு தமிழ்ப் படங்களில் கமல்ஹாசனை முதியவராகவும் மூதாட்டியாகவும் ஆக்கிய ஒப்பனையாளர் மைக்கேல் வெஸ்ட்மோர், அமெரிக்காவிலிருந்து வந்தவர். இப்போது இத்தகைய ஒட்டுமுகங்களுக்குச் சிலிக்கோன் மிகுதியாகப் பயன்படுகிறது. ரப்பர்ப் பாலின் தனிச்சிறப்பு அதன் விலைக்குறைவும், கவிழ்த்து வார்க்கும் எளிமையும். நமக்கு வேண்டிய பாலைத் தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டா. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே அரசு ரப்பர்க் கழகத்தின் தோட்டங்கள் உள்ளன.

ஒரு குறை உண்டு. மரமுகம் தலைமுறைகளைக் காணும்; ரப்பர் முகம் காணாது. வெயிலும் காற்றும் அதனை முதலில் ஒட்டச் செய்யும், பின் பொடியச் செய்யும். எங்கள் சிங்கமுகம் பத்து ஆண்டுகள் பள்ளி அலமாரியில் இருந்தது. ஒரு கோடை விடுமுறை கழித்துத் திறந்தபோது மூக்கு உடைந்து தாடை உதிர்ந்து கிடந்தது. சாந்து அச்சு மட்டும் பழுதின்றி இருந்தது. அதே ஆண்டு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதைத் துடைத்து, கயிற்றால் இறுகக் கட்டி, மீண்டும் பால் வார்த்தார்கள்.