ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி

ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி (1939–2020) அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளர். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் பிறந்தவர், இடக்கை வீச்சாளர். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 1957இல் இவரை ஒப்பந்தம் செய்தது. மைனர் லீக் எனப்படும் இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஒன்பது பருவங்கள் ஆடியும், மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. ஆனாலும் இவரைப் போல் வேகமாக வீசியவர் எவருமில்லை என்று உடன் ஆடியவர்களும் பார்த்த ரசிகர்களும் கடைசிவரை அடித்துச் சொன்னார்கள்.

அந்த நினைவுகள் இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்கின்றன: பந்தின் வேகம், அது எங்கே போகும் என்று தெரியாத அச்சம். பேஸ்பாலில் மட்டையாளர் அடிக்கத் தவறிய பந்தும், அடிக்காமல் விட்டும் குறிக்கப்பட்ட எல்லைக்குள் வந்த பந்தும் ‘ஸ்ட்ரைக்’; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவர் வெளியேறுவார். நான்கு பந்துகள் குறிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே போய்விட்டால் அவர் முதல் தளத்துக்குச் சும்மாவே நடந்து போகலாம். இதற்கு ‘வாக்’ என்று பெயர். டென்னசியின் கிங்ஸ்போர்ட் அணிக்காக முதல் பருவத்தில் 62 இன்னிங்ஸ் வீசிய டால்கோவ்ஸ்கி 121 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்; 129 வாக் கொடுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று ஒரே ஆட்டத்தில் 24 பேரை வெளியேற்றியும் 18 வாக் கொடுத்து 8–4 எனத் தோற்றார். 1960இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் 170 இன்னிங்ஸில் ஸ்ட்ரைக் அவுட் 262, வாக் 262.

கதைகள் இந்த எண்களையும் தாண்டிப் போயின. நடுவரின் முகக்கவசத்தை உடைத்து அவரை மருத்துவமனைக்கு அனுப்பிய பந்து, மரவேலியைத் துளைத்த பந்து, ஒரு மட்டையாளரின் காதைக் கிழித்த பந்து என ஊருக்கு ஒரு கதை உண்டு. மாபெரும் மட்டையாளர் டெட் வில்லியம்ஸ் பயிற்சியில் இவருடைய ஒரே ஒரு பந்தைப் பார்த்ததும் மட்டையை வைத்துவிட்டு நகர்ந்தார் என்பது அவற்றில் மிகப் பரவியது. தொலைக்காட்சி எட்டாத சிற்றூர் மைதானங்களில் நடந்தவை ஆதலால் பெரும்பாலும் வாய்மொழியாகவே இவை வளர்ந்தன. பந்தைப் பிடித்துப் பழகிய கால் ரிப்கன் சீனியர், வேகம் மணிக்கு 115 மைல் வரை இருந்திருக்கும் என மதிப்பிட்டார். 2010இல் மேஜர் லீக் வீச்சாளர் அரோல்டிஸ் சாப்மன் வீசிய 105.8 மைல் பந்தோடு ஒப்பிட்டால் இது நம்பக் கடினமானது. 1958இல் அபர்டீன் இராணுவத் தளத்தில் கருவி காட்டியதோ 93.5 மைல்தான். ஆனால் அந்த அளவும் நியாயமானதன்று: முந்தைய இரவு ஆட்டத்தில் வீசிய களைப்பு, மேடில்லாத சமதரை, கருவியின் பரப்புக்குள் ஒரு பந்து விழவே நாற்பது நிமிடம். நினைவில் வேகம் கூடியிருக்கலாம்; நினைவு பொய்யன்று. மொத்தம் 956 இன்னிங்ஸில் 1,324 ஸ்ட்ரைக் அவுட் என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, பன்னிரண்டுக்கு மேல். அக்கால மேஜர் லீக்கில் பத்தைத் தொடுவதே அரிது.

1962இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா அணியில் ஏர்ல் வீவர் பயிற்சியாளராக வாய்த்தது இவருடைய நற்பேறு. அவர் அறிவுரைகளைக் குறைத்தார். வேகப்பந்து, பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் இரண்டை மட்டும் நடுவில் வீசச் சொன்னார். 160 இன்னிங்ஸில் 192 ஸ்ட்ரைக் அவுட், 114 வாக். ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 3.04. பொறுமையான ஒரு வழிகாட்டி ஐந்து ஆண்டுகள் முன்னதாகக் கிடைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

1963 மார்ச்சில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் முழங்கை முறுக்கிக்கொண்டது. மேஜர் லீக்கில் ஆட ஓரியோல்ஸ் சீருடைக்கு அளவெடுத்திருந்த நேரம் அது. யாங்கீஸ் வீரர் ஃபில் லின்ஸுக்கு வீசிய பந்தில் என்பர் சிலர். அதே அணியின் ஜிம் பௌட்டன் தட்டிவிட்ட பந்தை எடுத்து எறிகையில் என்பர் வேறு சிலர். வீச்சாளர்களின் முழங்கைத் தசைநாரை மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை 1974இல்தான் முதன்முதலில் செய்யப்பட்டது. பழைய வேகம் திரும்பவில்லை; 1965 பருவத்தோடு ஆட்டம் முடிந்தது. அதன்பின் கலிபோர்னியாவில் பண்ணைக் கூலியாக வேலை பார்த்தார். குடிப்பழக்கம் உடலையும் நினைவாற்றலையும் சிதைத்தது. பிறர் மறக்காத ஆட்டங்கள் பல அவருக்கே நினைவில் இல்லாமல் போயின.

ஓரியோல்ஸின் மைனர் லீக் அணிகளில் பின்னாளில் ஆடிய ரான் ஷெல்டன், அங்கே கேட்ட கதைகளைக் கொண்டு 1988இல் ‘புல் டர்ஹம்’ படத்தின் நியூக் லலூஷ் பாத்திரத்தைப் படைத்தார். படத்தில் அந்த இளைஞன் மேஜர் லீக்குக்குப் போகிறான். டால்கோவ்ஸ்கி 1994இல் சொந்த ஊர் திரும்பிப் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்தார். 2003இல் பால்டிமோர் மைதானத்தில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் மரியாதைப் பந்தை வீசினார். பேஸ்பால் ரெலிக்வரி அமைப்பு 2009இல் இவரைத் தன் சிறப்புப் பட்டியலில் சேர்த்தது. 2020 ஏப்ரல் 19 அன்று நியூ பிரிட்டனில், கொரோனா தொற்றால், 80ஆம் வயதில் காலமானார்.