வெடிக்காத குண்டு: ஒரு பெயரெச்சத்தின் வரலாறு

2019 ஆகஸ்டில், திருப்போரூரை அடுத்த மானாமதியில், கோயில் குளத்தருகே கிடைத்த ஒரு பொருளை இளைஞர்கள் சிலர் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெடித்தது. உயிர்கள் போயின. நம் நாளிதழ்கள் அதற்கு வைத்த பெயர் 'மர்மப் பொருள்'. பக்கத்து அனுமந்தபுரத்தில் படையினர் சுட்டுப் பழகும் திடல் இருக்கிறது, அங்கிருந்து வந்திருக்கலாம் என்ற பேச்சு பிறகுதான் கிளம்பியது. அதற்குப் பிறகும் வாசகர் மனதில் தங்கியது மர்மம்தான். படைக்கலம் என்பது ஆலையில் செய்து, எண் பொறித்து, பெட்டியில் அடைத்து, பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற சரக்கு. ஒரு குடும்ப அட்டைக்கு இருப்பதைவிட அதற்கு ஆவணம் அதிகம். அது மர்மமாவது எந்த இடத்தில்? அரசின் கணக்கிலிருந்து வெளியேறி, சாதாரண மனிதன் கைக்கு வந்து சேரும் இடத்தில்.

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் எனக்கு இது இலக்கணப் பிரச்சினையாகவும் படுகிறது. 'குண்டு வெடித்தது' என்பதில் குண்டுதான் எழுவாய். வினை தன்வினை. வீசியவன், செய்தவன், விட்டுப்போனவன் யாருக்கும் வாக்கியத்தில் இடமில்லை, தோன்றா எழுவாயாகக்கூட. 'வெடிக்காத குண்டு' என்பது இன்னும் சுவாரசியம். எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. வெடிக்காத என்றால் வெடித்திராத, வெடிக்கிறதில்லாத, வெடிக்கப்போகாத, மூன்றும்தான். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை எந்தக் குண்டும் ஒப்புக்கொண்டதில்லை. மேலும் அது யார் பார்வையில் 'வெடிக்காத'? போட்டவன் பார்வையில். அவனுக்கு அது தோற்றுப்போன குண்டு, கணக்கில் நட்டம். மண்ணைக் கொத்துகிறவனுக்கு அது இனிமேல்தான் வெடிக்க வேண்டிய குண்டு. போர் எப்போது முடிந்தது என்ற வரலாற்றுக் கேள்விக்கு இந்த இரண்டு பேரும் ஒரே ஆண்டைச் சொல்ல மாட்டார்கள்.

இதை நன்றாகப் படிக்கக் கிடைக்கிற இடம் லாவோஸ். 1962 ஜெனீவா ஒப்பந்தப்படி அது நடுநிலை நாடு. அதனாலேயே அங்கே நடந்த போருக்குப் பெயர் 'ரகசியப் போர்' என்றானது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் சுமார் 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. யாருக்கு ரகசியம் என்று கேட்க வேண்டும். தலையில் வாங்கியவர்களுக்கு ரகசியமில்லை. வாஷிங்டனில் வரி கட்டியவர்களுக்குத்தான் ரகசியம். 1969 முதல் ஃப்ரெட் பிரான்ஃப்மன் என்ற அமெரிக்கர் வியந்தியான் அருகே அகதிகளைச் சந்தித்து, ஜாடிச் சமவெளியிலிருந்து வந்த குடியானவர்கள் எழுதியதையும் வரைந்ததையும் சேகரித்தார். அது 1972இல் நூலாக வந்தது. இந்தப் போர் பற்றிய பிரதிகளில் குடியானவர்களே எழுவாயாக இருப்பது அபூர்வம். அந்த நூல் அப்படி ஒன்று.

விழுந்தவற்றில் கொத்துக்குண்டுகள் முக்கியமானவை. பெரிய உறை ஒன்று வானத்தில் பிளந்து, உள்ளே இருக்கும் 600க்கும் மேற்பட்ட சிறு குண்டுகளைச் சிதறவிடும். டென்னிஸ் பந்து அளவு. ஒவ்வொன்றின் ஓட்டிலும் சுமார் 300 எஃகுக் குண்டுமணிகள். லாவோ மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பாம்பி'. மொத்தம் 27 கோடி பாம்பி விழுந்தது என்றும், அதில் 30 சதவீதம்வரை வெடிக்காமல், ஏறத்தாழ 8 கோடி மண்ணில் தங்கிவிட்டது என்றும் மதிப்பிடுகிறார்கள். ஏன் வெடிக்கவில்லை? விழும்போது சுழல வேண்டும், அந்தச் சுழற்சியில்தான் உள்ளே திரி இயந்திரம் தயாராகும். மரக்கிளையில் பட்டுச் சுழற்சி குறைந்தாலோ, வயல் சேற்றில் மெத்தென்று இறங்கினாலோ பாதி வழியில் நின்றுவிடும். அப்படி நின்றது எப்போது மீதி வழியைக் கடக்கும் என்று சொல்ல முடியாது. மண்வெட்டி படும்போது நடக்கலாம். மேலே அடுப்பு மூட்டிச் சோறு வடிக்கும்போது, அடியில் சூடு ஏறி நடக்கலாம். குழந்தை அதைப் பந்தென்று வீசும்போது நடக்கலாம்.

தேசியக் கணக்கெடுப்பின்படி 1964 முதல் 2008 வரை இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் 50,000 பேர். இதில் ஏறத்தாழ 20,000 பேர் போர் முடிந்த பிறகு.

எண்ணிக்கையைவிட என்னை உறுத்துவது இந்த மாதிரிக் கணக்கெடுப்புகளில் பயன்படும் படிவம். 'சம்பவத்தின்போது என்ன செய்துகொண்டிருந்தார்' என்று ஒரு கட்டம் இருக்கும். பயிர்வேலை, விறகு பொறுக்கல், சமையல், விளையாட்டு, 'நோண்டுதல்'. நிரப்புகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நிரப்புகிறார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கட்டம் கேட்பது அடிபட்டவனின் வினையை மட்டும். 'நோண்டினான்' என்று எழுதியவுடன் கதை முடிகிறது. பழி கைக்குப் போய்விடுகிறது. ஏன் நோண்டினான் என்பதற்குக் கட்டம் கிடையாது.

இரும்புக்கு விலை உண்டு என்பதால் நோண்டினான். சியெங் குவாங் மாகாணத்தில் குண்டு உறைகள் வீட்டுக்குத் தூணாகி, வெங்காயத்தாள் வளர்க்கும் தொட்டியாகி நிற்கின்றன. விமானம் கழற்றிப்போட்ட எண்ணெய்த் தொட்டியைப் பிளந்து படகு செய்திருக்கிறார்கள். நாஃபியா என்ற கிராமத்தில் போர் அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் இதைப் பார்த்து மக்களின் படைப்பாற்றல் என்று உருகுவது வழக்கம். உருகட்டும். 2000க்குப் பிறகு உலகச் சந்தையில் இரும்பு விலை ஏறியபோது, வியட்நாமில் செய்த மலிவான உலோகம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் போனார்கள். அறுவடை பொய்த்த வருஷத்தில் கிலோக் கணக்கில் காசு தரும் ஒரே விளைச்சல் அதுதான். ஆபத்து தெரியாமல் போனார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பது. பாம்பி என்ன செய்யும் என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கிடையாது. 'அறியாமை' என்பது இங்கே வறுமைக்கு இட்ட மறுபெயர். எச்சரிக்கைச் சுவரொட்டிகள் தேவைதான், அவற்றால் உயிர்கள் பிழைத்துமிருக்கின்றன. ஆனால் சுவரொட்டியால் அரிசி விலையோடு போட்டி போட முடியாது.

பெல்ஜியத்தின் ஈப்பர் வட்டாரத்திலும் நிலத்தை உழுதால் முதல் உலகப்போரின் எறிகணை வருகிறது. உழவர் அதை எடுத்துச் சாலையோரத் தொலைபேசிக் கம்பத்தடியில் வைத்துவிட்டுத் தகவல் சொல்வார். படையின் வண்டி வந்து எடுத்துப்போகும். வருஷத்துக்கு 150 முதல் 200 டன். 'இரும்பு அறுவடை' என்று அதற்கு ஒரு அழகான பெயரும் உண்டு. அங்கே குண்டு மர்மப் பொருளாக இல்லை. அது அரசின் பொறுப்பு. அப்படியும் 2014 மார்ச்சில் ஈப்பரில் ஒரு கட்டட வேலையிடத்தில் பழைய எறிகணை வெடித்து இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். ஒருவர் துருக்கி, ஒருவர் பல்கேரியா. போர் நடந்து நூறு வருஷம். கொல்லப்பட்டவர்கள் அந்த மண்ணுக்குப் பிழைக்க வந்தவர்கள்.

2008இல் கொத்துக்குண்டு ஒழிப்பு உடன்படிக்கை வந்தது. 2010இல் நடைமுறையாகி, முதல் மாநாடு வியந்தியானிலேயே கூடியது. அமெரிக்கா சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை. அதன் நான்காம் பிரிவைப் படித்தால், அகற்றும் கடமை குண்டு கிடக்கும் நாட்டுக்கு. உடன்படிக்கைக்கு முன்னால் போட்ட நாடு உதவும்படி 'வலுவாக ஊக்குவிக்கப்படுகிறது', அவ்வளவுதான். மறுபடியும் எழுவாய் நழுவுகிறது. 2016இல் ஒபாமா லாவோஸ் போனார். உதவும் தார்மீகக் கடமை இருப்பதாகச் சொல்லி, மூன்று வருஷத்துக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. 2023இல் அதே அமெரிக்கா உக்ரைனுக்குக் கொத்துக்குண்டு கொடுத்தபோது லாவோஸ் அரசு கவலை தெரிவித்து ஓர் அறிக்கை விட்டது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகள் நிறுத்திவைக்கப்பட்டதும் அகற்றும் குழுக்கள் பல வேலையை நிறுத்தின.

இதெல்லாம் எங்கோ நடப்பதில்லை. போரின் பழைய இரும்பு கப்பலேறி நம் துறைமுகங்களுக்கும் வருகிறது. 2004 செப்டம்பரில் காசியாபாத் பக்கம் ஓர் உருக்காலையில், இறக்குமதியான பழைய இரும்புக்குள் இருந்த எறிகணை வெடித்து 10 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் கப்பலேறும் முன்பே சோதனை, சான்றிதழ் என்று விதிகள் இறுகின. செத்தவர்கள் எந்தப் போரிலும் எந்தத் தரப்பிலும் இல்லாதவர்கள்.

எங்கள் ஊர்க் காயலான் கடைக்காரரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்பார்கள். இவருக்கு அந்த ஊரோடு சம்பந்தமில்லை. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற சாமானைக் கையில் வாங்கும்போதே எடையும் உலோகமும் சொல்லிவிடுவார்.

"கனமா, உருண்டையா, முனையில மரை போட்டு எது வந்தாலும் நான் தொடமாட்டேன் சார். ஆனா கொண்டாரவன் திரும்ப எடுத்துட்டா போவான்? அடுத்த கடைக்குப் போவான். இல்ல, இங்கயே வாசல்ல போட்டுட்டுப் போயிருவான்."

"அப்படி யாராவது போட்டிருக்காங்களா?"

"ஒரு தடவ. மூணு நாள் சாக்குல சுத்தி வெச்சிருந்தேன். ஸ்டேஷன்ல சொல்லலாம்னா, எங்க வாங்குன, யார்கிட்ட வாங்குன, எத்தினி வருசமா இந்தத் தொழில்னு மொதல்ல என்னத்தான் உக்கார வெப்பாங்க."

"என்ன பண்ணீங்க?"

"ராத்திரி சைக்கிள்ல எடுத்துட்டுப்போயி ஏரியில போட்டுட்டேன்."

எந்த ஏரி என்று கேட்டேன். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும் சார்" என்றார்.