விரலும் வில்லையும்

பேஸ் கிதார் பற்றிப் பேசுகிறவர்களிடையே ஒரு ஆசாரம் உண்டு. விரலால் மீட்டுகிறவன் கலைஞன். பிக் என்கிற சிறு வில்லையால் மீட்டுகிறவன் கிதாரிலிருந்து இறங்கி வந்தவன், இடம் நிரப்ப வந்தவன். இந்தத் தீர்ப்பில் காதுக்குப் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை. கருவியின் சரித்திரத்துக்கு முன் இது நிற்காது.

1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் பிரிஸிஷன் பேஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார். சுருதி டபுள் பேஸினுடையது, உருவம் கிதாருடையது. மெல்லிய தந்தியின் பக்கம் ஒரு சிறு கட்டை பொருத்தியிருந்தார். விரல்கள் அதைப் பற்றிக்கொள்ளும், கட்டைவிரல் மீட்டும் என்பது எண்ணம். வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி வாசிக்கவில்லை. மரபின் தூய்மை வேண்டுமென்றால் விரல்காரர்களும் அந்தக் கட்டைக்குத்தான் திரும்பிப் போகவேண்டும்.

கருவிக்கு இரண்டு தாய்வீடுகள். டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து வந்தவர். வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றையே கொண்டு வாசித்தார். லாஸ் ஏஞ்சலஸில் கேரல் கேய் ஜாஸ் கிதாரிலிருந்து வந்தவர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமற் போகவே அவர் அதை எடுத்தார். கையில் இருந்த பிக்கும் கூடவே வந்தது. இருவரும் பழைய வீட்டின் கையைப் புதிய வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றை மரபு என்றும் மற்றதைக் குறுக்குவழி என்றும் சொல்ல என்ன நியாயம்?

பிக் நிலைத்ததற்கு இன்னொரு காரணம் ரேடியோ. பேஸின் தடித்த தந்தி விநாடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. அன்றைய கார் ரேடியோவின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைத் தர முடியாது. ஆனால் தந்தியின் மேல்சுரங்களை அது தரும். அவற்றைக் கொண்டு காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். கெட்டியான வில்லை தந்தியைத் தொடும் கணத்தில் மேல்சுரங்கள் கூடுதலாக எழுகின்றன. நாஷ்வில்லில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள்: டபுள் பேஸ் வாசிக்கும் வரியையே ஆறு தந்தி பேஸில் பிக்கால், ஒலியை அமுக்கி, கூடவே வாசித்தார்கள். ஒன்று ஆழம் தந்தது, மற்றது விளிம்பு தந்தது. 1966இல் வந்த பீச் பாய்ஸின் 'பெட் ஸௌண்ட்ஸ்' தட்டிலும் டபுள் பேஸும் கேயின் பிக்கும் சேர்ந்து ஒலிக்கும் இடங்கள் உண்டு.

தேர்வில் நுட்பம் அதிகமில்லை, கவனம் வேண்டும். அரை மில்லிமீட்டர் வில்லை தடித்த தந்திமேல் வளைந்துபோகும்; சுரத்துக்கு முன் அதன் 'டிக்' சத்தம்தான் கேட்கும். ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளது வளையாது. நுனி மட்டும் வெளியே தெரியும்படி பிடித்தால் கை தளர்ந்திருக்கலாம். கேய் பாலத்தருகே தந்திகள்மேல் கம்பளித் துணி வைத்து நீள ஒலியை அடக்கினார். தாளத்தட்டில் கீழ்வீச்சு, இடைத்தட்டில் மேல்வீச்சு. 1976இல் முதல் தட்டு வெளியிட்ட ரமோன்ஸ் குழுவின் டீ டீ ரமோனுக்கு எல்லாமே கீழ்வீச்சுதான். ஒருவரிடம் நடை, மற்றவரிடம் இடி. வில்லை தானாக எந்த அர்த்தத்தையும் கொண்டுவருவதில்லை.

விரலால் வாசித்துப் பெயர் பெற்ற ஆன்டனி ஜாக்ஸன், 1973இல் ஓ'ஜேஸ் குழுவின் 'ஃபார் த லவ் ஆஃப் மனி' பாட்டுக்குப் பிக்கை எடுத்தார். பாட்டு கேட்டது, கை கொடுத்தது. தேர்வு என்பது இதுதான்.

ஆசாரத்துக்கு ஒரு சோதனையும் உண்டு. அறுபதுகளில் ஸ்டூடியோ வாத்தியக்காரர்களின் பெயரை உறையில் போடுவது வழக்கமில்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்த 1971இல்தான் ஜேமர்சனின் பெயர் மோட்டவுன் உறை ஒன்றில் மரியாதையாக இடம் பெற்றது. அதற்குள் தாமதமாகிவிட்டது. சில மோட்டவுன் பாட்டுகளை வாசித்தது தான் என்று கேரல் கேய் சொன்னார். ஜேமர்சனை அறிந்தவர்கள் மறுத்தார்கள். விரலுக்கும் வில்லைக்கும் உள்ள தூரம் ஆசாரக்காரர்கள் சொல்லும் அளவு பெரியதென்றால், தட்டைச் சுழலவிட்டு ஒரு மாலைக்குள் இந்த வழக்கைத் தீர்த்திருக்கலாம். வருஷக்கணக்கில் விவாதித்தார்கள். தட்டையாகச் சுற்றிய தந்தியும் அமுக்கிய ஒலியும் சேர்ந்தால் இரண்டு கைகளும் அவ்வளவு நெருங்கிவிடுகின்றன. கூலி கொடுத்தவர்கள் எழுதாமல் விட்ட ஒரு பெயரைக் காதால் மீட்க முடியவில்லை. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் எது கலை, எது குறுக்குவழி என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.