பிராங்ளினின் தங்கை

பெஞ்சமின் பிராங்ளினை நமக்கெல்லாம் தெரியும். இடிமழையில் பட்டம் விட்டவர், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அவருக்கு ஜேன் என்றொரு தங்கை இருந்தது, பணி ஓய்வுக்குப் பிறகு நிதானமாகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு பாஸ்டனில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்கும் தொழில். 17 பிள்ளைகளில் ஜேன் கடைக்குட்டி. பிறந்தது 1712இல். அண்ணன் பள்ளிக்கூடம் போனது 2 வருடம்தான். ஜேன் போகவே இல்லை.

அந்தக் காலத்து மாசசூசெட்ஸில் பைபிள் படிப்பதற்காகப் பெண் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். எழுதுவது, கணக்கு வழக்கு பார்க்கப் போகும் பையன்களுக்கு. அதனால் அச்சடித்ததை வாசிக்கத் தெரிந்தும் தன் பெயரை எழுதத் தெரியாத பெண்கள் பலர் இருந்தார்கள்.

ஜேனுக்கு 15 வயதில் கல்யாணம். கணவர் குதிரைச் சேணம் செய்பவர். வீட்டில் எப்போதும் கடன். பிள்ளைகள் 12 பேர். தாள்களைத் தைத்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் செய்து, அதில் அவர்கள் பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் எழுதி வைத்தார். 11 பேரைப் பறிகொடுத்தார்.

இதற்கு நடுவில்தான் படிப்பு. 1727இல் அண்ணன் அனுப்பிய பரிசு நூல் நூற்கும் ராட்டை. பிற்பாடு அவரிடமிருந்து புத்தகங்கள் வந்தன. அவர் எழுதிய அரசியல் கட்டுரைகளையும் ஜேன் கேட்டு வாங்கிப் படித்தார். 60 வருடங்களுக்கு மேல் நடந்த கடிதப் போக்குவரத்துதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

எழுத்துப் பிழைக்காகக் கடைசிவரை கூச்சப்பட்டார். 1786இல் அண்ணன் ஒரு கதை எழுதித் தேற்றினார். ஒருவருக்கு வந்த சீட்டில் மனைவியைக் குறிக்கும் 'ஒய்ஃப்' என்ற சொல், ஒய், எஃப் என இரண்டே எழுத்தில் இருந்ததாம். அவருக்கும் புரியவில்லை, அவர் மனைவிக்கும் புரியவில்லை. வேலைக்காரப் பெண்தான் சட்டென்று படித்துச் சொன்னாளாம்!

அதே வருடம் ஜேன் எழுதிய கடிதம்தான் என்னை உலுக்கியது. ரிச்சர்ட் பிரைஸ் என்ற அறிஞரைப் படித்துவிட்டு, அவர் கருத்தை எடுத்து எழுதுகிறார்: நியூட்டனைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள், தக்க சூழல் வாய்க்காததால் அறியாமையிலேயே வாழ்ந்து மறைந்திருக்கலாம்.

அப்போது அவருக்கு 74 வயது. தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. படிக்கிற நமக்குத்தான் மனசு கேட்கவில்லை.