பூசாத சுவர்: லாரி பேக்கரின் விசுவாசமும் கட்டடக்கலையும்

லாரி பேக்கர் என்ற பெயரைக் கேட்டதும் கேரளத்திலும் அதற்கு வெளியிலும் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது குறைந்த செலவில் கட்டிய செங்கல் வீடுதான். அந்த அடையாளம் பொய்யன்று. எனினும், அவர் செலவைக் குறைத்தது கணக்குப் பார்க்கும் சிக்கனத்தால் மட்டும் அன்று. வீணாக்குவதைப் பாவமாகவும் பகட்டைப் பொய்யாகவும் கருதிய ஒரு கிறிஸ்தவ மரபில் அவர் ஊறியிருந்ததும், மருத்துவரான மனைவியோடு சேர்ந்து அந்த மரபை அன்றாட வாழ்க்கையாகவே நடத்திக் காட்டியதும் அக்கட்டடங்களுக்கு அடிப்படையாக இருந்தன என்பதைப் பாராட்டுரைகள் பெரும்பாலும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

1917 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மெதடிஸ்ட் குடும்பமொன்றில் பிறந்த பேக்கர், இளமையிலேயே குவேக்கர் நெறியைத் தழுவினார். நண்பர்கள் சங்கம் என்றும் அழைக்கப்படும் இச்சபை 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றியது. அந்நாட்டு மரபில் இதற்குக் குருமார் இல்லை. ஞானஸ்நானமும் திருவிருந்தும் சடங்குகளாக நடைபெறுவதில்லை. கூடியிருப்போர் மௌனமாக அமர்ந்து, உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர் எழுந்து பேசுவதே ஆராதனை. எளிமை, உண்மை, சமத்துவம், போர் மறுப்பு ஆகியவற்றை வாழ்க்கை முறையாகவே கைக்கொள்ளும் இவர்களுடைய கூடுகைக் கூடங்களில் கோபுரமோ பீடமோ வண்ணக் கண்ணாடியோ இருப்பதில்லை. கட்டடக்கலை பயிலும் இளைஞன் ஒருவனுக்கு இத்தகைய கூடத்தைவிடக் கண்டிப்பான பள்ளி வேறு இருந்திருக்க முடியாது.

1937-இல் பர்மிங்காமில் கட்டடக்கலைப் படிப்பை முடித்த அவர், இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஆயுதம் ஏந்த மறுத்து, குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் அணியில் சேர்ந்து சீனா சென்று, நோயுற்றோர்க்கும் தொழுநோயாளருக்கும் பணிவிடை செய்தார். நாடு திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். கந்தல் துணியால் பேக்கர் தாமே செய்து அணிந்திருந்த காலணி காந்தியின் கவனத்தை ஈர்த்ததென்பர். நல்ல வீடு என்பது அது எழும் இடத்திற்கு ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களாலேயே அமைய வேண்டும் என்ற காந்தியின் கருத்தைப் பேக்கர் வாழ்நாள் முழுவதும் எடுத்துச் சொல்லிவந்தார். குவேக்கர் எளிமைக்கு இந்திய மண்ணில் ஓர் இலக்கணம் அவருக்குக் கிடைத்தது அங்கேதான்.

1945-இல் தொழுநோயாளருக்கான மிஷன் ஒன்றின் கட்டடக்கலைஞராக அவர் இந்தியா வந்தார். சல்போன் வகை மருந்துகள் தொழுநோயைக் குணப்படுத்தத் தொடங்கியிருந்த காலம் அது. ஆகவே நோயாளரை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த பழைய காப்பகங்களைச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளாக மாற்றியமைப்பது அவருடைய வேலையாயிற்று. பைசாபாத்தில் அவருக்கு இடமளித்த மருத்துவர் சாண்டியின் சகோதரி டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை, இரு குடும்பங்களிலும் எழுந்த தயக்கங்களைத் தாண்டி, 1948-இல் மணந்தார். மணமான பின் இமயமலைச் சரிவிலுள்ள பிதௌராகட் சென்ற இணையர், மருத்துவ வசதியற்ற அப்பகுதி மக்களைக் கண்டு அங்கேயே தங்கி ஏறத்தாழ 16 ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினர். எலிசபெத் சிகிச்சையளிக்க, பேக்கர் மயக்க மருந்து கொடுப்பது முதல் சுவர் எழுப்புவது வரை எல்லா வேலைகளிலும் துணை நின்றார். கல்லும் மண்ணும் மரமும் கொண்டு மலைவாசிகள் கட்டிய வீடுகள், பட்டம் பெற்ற தம்மைவிட அவ்விடத்தின் குளிரையும் மழையையும் நன்கறிந்தவர்களின் படைப்பு என்பதை அங்கேதான் அவர் உணர்ந்தார்.

1963-இல் குடும்பம் கேரளத்தின் வாகமண்ணுக்கும், சில ஆண்டுகளில் திருவனந்தபுரத்திற்கும் பெயர்ந்தது. அங்கு அவர் பரவலாக்கிய முறைகளுள் முதன்மையானது எலிப்பொறிக் கட்டு. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல் படுக்கை வசமாக வைக்கப்படும். இம்முறையிலோ செங்கற்களை விளிம்பில் நிறுத்தி இரு வரிசைகளாக அடுக்கி, இடையில் ஏறத்தாழ மூன்று அங்குல வெற்றிடம் விட்டு, குறுக்குச் செங்கற்களால் அவ்விரண்டையும் பிணைப்பார்கள். சுவரின் தடிமன் குறையாமலேயே செங்கலில் கால் பங்கு மிச்சமாகிறது; உள்ளே சிறைப்பட்ட காற்று வெயிலைத் தடுக்கிறது. கூரையிலும் இதே நியாயம்தான். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே என்பதால், கம்பிகளுக்கு நடுவே வேலையின்றிக் கிடக்கும் கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சுவருக்குச் சாந்து பூசுவதையும் பெரும்பாலும் தவிர்த்தார். செங்கல் செங்கலாகவே தெரியட்டும் என்ற இந்தப் பிடிவாதத்தைச் சிக்கனம் என்று மட்டும் படிப்பது போதாது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டலாகாது என்ற குவேக்கர் ஒழுக்கமும் அதில் இருக்கிறது.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் லயோலா என்னும் கத்தோலிக்கக் கல்வி வளாகத்திற்கு அவர் அமைத்த சிற்றாலயத்தில், செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர்கள் வழியே வெளிச்சமும் காற்றும் வடிகட்டப்பட்டு வருகின்றன. சடங்குகளை விலக்கிய சபையைச் சேர்ந்தவர் கத்தோலிக்க வழிபாட்டிற்கு இடம் சமைத்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் அங்கும் அலங்காரமாக நிற்பது ஒளி மட்டுமே. அந்நகரின் உள்ளூர் என்னும் பகுதியிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் நின்ற மரங்களை வெட்டாமல் சுவர்களை வளைத்துக் கட்டினார். தம்பானூர் பேருந்து நிலையத்தருகே சுருளாக மேலேறும் இந்தியன் காபி ஹவுஸ், தேநீர் குடிக்க வருவோரையும் கட்டடக்கலை மாணவராக்கிவிடுகிறது.

நாலாஞ்சிறையில் பாறைக்குன்றின் சரிவில் அவர் எழுப்பிய தம் வீடு ஒரே மூச்சில் கட்டப்பட்டதன்று. மூன்று பிள்ளைகளோடு குடும்பம் வளர வளர, பழைய மரச்சாமான்களையும் எஞ்சிய ஓடுகளையும் சேர்த்து அறை அறையாக நீண்டது. அலுவலகம் என்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளாமல், கடித உறைகளின் பின்புறத்திலும் பழைய அழைப்பிதழ்களிலும் வரைபடம் தீட்டி, ஒப்பந்தக்காரர் இன்றிக் கொத்தனார்களோடு களத்தில் நின்றே அவர் கட்டினார்.

குறைகளும் உண்டு. ஜாலி வழியாகச் சாரலும் கொசுவும் நுழைவது பற்றிய முணுமுணுப்பு நியாயமானதே. அதனினும் ஆழமான இடர், யாருக்காக அவர் சிந்தித்தாரோ அந்த ஏழைகளுக்குப் பூசிய சுவரே மதிப்பின் அடையாளமாகப் பட, பேக்கர் பாணியைப் பேராசிரியர்களும் அலுவலர்களும் விரும்பி ஏற்றதாகும். இதை மாற்றும் நோக்கில் கேரளத்தின் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளியலறிஞர் கே. என். ராஜ் முதலியோருடன் 1985-இல் குறைந்த செலவு வீடுகளைப் பரப்பும் கோஸ்ட்ஃபோர்டு நிறுவனத்தைத் தொடங்கியதில் அவர் பங்கேற்றார். வீடு கட்டும் முறைகளைக் கேலிச்சித்திரங்களோடு விளக்கும் அவருடைய சிறுநூல்கள், பொறியாளர் துணையில்லாத குடும்பங்களும் படித்துப் பயன்படுத்தத் தக்கவை. பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு 1990-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2007 ஏப்ரல் 1 அன்று திருவனந்தபுரத்தில் தம் 90-ஆம் வயதில் காலமானார். விருதுகள் கட்டடங்களுக்காக அவர் பெயரில் வந்தன. பிதௌராகட்டில் இருவரும் சேர்ந்து செய்த ஊழியமோ, அவருடைய கட்டடக்கலை வரலாற்றில் இன்னும் முன்னுரை அளவிலேயே எழுதப்பட்டுவருகிறது.