மனைப்பிரிவும் சேரியும்: திருவண்ணாமலையின் புதிய எல்லைக்கோடுகள்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம், வேட்டவலம், திருக்கோவிலூர், அவலூர்பேட்டை என எத்திசையில் புறப்பட்டாலும் ஒரே காட்சியைக் காண்கிறோம். நிலக்கடலையும் நெல்லும் விளைந்த வயல்களில் எல்லைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. நுழைவாயிலில் வண்ணம் பூசிய வளைவு. அதற்குப் பின்னால் செம்மண் சாலைகள். மலை தெரிகிறது, கிரிவலப் பாதை அருகில் என்பவையே விளம்பரத்தின் முதல் வரிகள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி எழுந்துள்ள இந்த நிலச்சந்தைக்குச் சென்னை, பெங்களூரு, ஆந்திரம், தெலங்கானா ஆகிய இடங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது சுற்றியுள்ள ஊராட்சிகளும் நகர எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஐந்தில் நால்வர் கிராமத்தினர்; ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஆகவே, வயலில் எழும் மனைப்பிரிவுக்கு அண்டை யார் என்று கேட்டால், பல இடங்களில் விடை சேரி என்பதே. புதிய குடியிருப்புகளை அண்டை ஊர்ப்புற நிலங்களோடு பொருந்தச் செய்வது எப்படி என்ற கேள்வியை நகரமைப்பு வல்லுநர்கள் எழுப்புகிறார்கள். அந்தக் கேள்வியைச் சேரியின் பக்கத்திலிருந்து கேட்க இக்கட்டுரையில் முயல்கிறோம்.

இடைவெளியா, இணைப்பா?

மேலை நாடுகளில் இதற்கு வழக்கமான விடை, இடைவெளி விடுதல். பண்ணைக்கும் புதிய வீடுகளுக்கும் நடுவே மரவரிசையோ வெற்று நிலமோ விடுவார்கள். அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் உழவர் பாதுகாப்புக்கென ஒரு வகைச் சட்டம் உண்டு. பின்னால் குடிவந்தவர், முன்பிருந்தே நடக்கும் வேளாண்மையைத் தொல்லை என்று கூறி வழக்கிட்டு நிறுத்துவதை அது தடுக்கிறது. முன்பிருந்தவருக்கே முன்னுரிமை என்பது அதன் அடிப்படை.

அந்த அடிப்படையை நாம் ஏற்கிறோம். ஆனால் இடைவெளி என்ற தீர்வை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஊருக்கும் சேரிக்கும் இடையே விடப்பட்ட வெற்றிடம்தான் தீண்டாமையின் நில வடிவம். சாதி வகுத்த அந்த எல்லையின் மேல் வடிவமைப்பாளர் வரையும் பசுமைப் பட்டை, சில ஆண்டுகளில் முள்வேலியாகவும் பின்னர் மதிலாகவும் மாறுவதற்கு வாய்ப்பு மிகுதி. எனவே தமிழ்நாட்டில் பொருந்துதல் என்பதை முதலில் இணைப்பு என்றே வரையறுக்க வேண்டும். சாலை தொடர வேண்டும். நீர் ஓட வேண்டும். இடுகாட்டுக்கு வழி இருக்க வேண்டும். முன்பிருந்தவரின் ஆடும் மாடும் பறையும் இருந்தபடியே இருக்க வேண்டும்.

மதில்களின் வரலாறு

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. அது ஊர் எழுப்பிய சுவர். அடுத்த இரண்டும் தனிமனிதரின் வீட்டு எல்லையிலும் மனைப்பிரிவின் எல்லையிலும் எழுந்தவை.

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, தலித் குடியிருப்பை ஒட்டி ஒரு தனியார் வீட்டுக்காக எழுப்பப்பட்டிருந்த ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் மதில் மழையில் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே தலித் இயக்கங்கள் அழைத்தன. சாதி நோக்கம் பற்றிய வாதம் ஒருபுறமிருக்க, குடிசைகளின் தலைக்கு மேல் அத்தனை உயரத்தில் கல்லடுக்க ஒருவரை அனுமதித்த நிர்வாகம், கீழே இருந்த வீடுகளை வீடுகளாகவே கருதவில்லை என்பது தெளிவு.

திருப்பூர் மாவட்டம் சேவூரில், தேவேந்திரன் நகர் மக்களின் வழியை மறித்து ஒரு மனைப்பிரிவைச் சுற்றி எழுந்த சுவர், மக்களின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு 2024-இல் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. திருவண்ணாமலையின் புறநகர் இன்று கற்க வேண்டிய பாடம் இதுவே. பழைய சாதிச் சுவருக்கு இன்று பாதுகாப்பு, தனிமை, மனை மதிப்பு என்ற புதிய பெயர்கள் கிடைத்துள்ளன.

உயிரோடிருப்பவருக்கும் இறந்தவருக்கும் வழி

இம்மாவட்டத்தில் வழி என்பது உயிர்ப் பிரச்சினை. 2022 ஜனவரியில் கலசப்பாக்கம் வட்டம் வீரளூரில், இறந்தவரின் உடலைப் பொதுச்சாலை வழியாக இடுகாட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமையைக் கேட்டதற்காக அருந்ததியர் குடியிருப்பு தாக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், இடுகாட்டுக்குச் செல்லும் வழியிலிருந்த தனியார் நிலம் அடைக்கப்பட்டிருந்ததால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

சேரியிலிருந்து இடுகாட்டுக்கும் ஏரிக்கும் செல்லும் ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் வரைபடத்தில் இருப்பதில்லை. அவை பட்டா நிலத்தின் வரப்பாகவே இருக்கின்றன. நிலம் வயலாக இருக்கும்வரை பாதையும் இருக்கும். மனையாக மாறியதும் அது யாரோ ஒருவரின் கொல்லையாகிவிடும். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் உரிமையாகவும் தடையின்றியும் பயன்படுத்திய வழிக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் நில உடைமையாளர் அனுமதித்ததால்தான் நடந்தார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் அந்த உரிமை பலவீனப்படுகிறது. கூலிக்காகப் பண்ணையாரைச் சார்ந்து வாழ்ந்தவர், அவர் வரப்பில் உரிமையோடு நடந்தேன் என்று நிறுவுவது எளிதன்று. உரிமையியல் சட்டம் சாதியைக் காணாத இடம் இது.

2015 திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. வழக்கமாகச் சென்றுவரும் வழியை மறுப்பது, இடுகாடு, நீர்நிலை, சாலை ஆகிய பொது வளங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது ஆகியவை பிரிவு 3(1)-இன்கீழ்க் குற்றங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. 1999-ஆம் ஆண்டு கிராம ஊராட்சிகளின் இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி, உரிமம் அல்லது பதிவு பெற்ற இடங்களைத் தவிர, குடியிருப்பிலிருந்து 90 மீட்டருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. மூன்று தலைமுறையாகப் பயன்படும் இடுகாடு பதிவேட்டில் ஏறாமல் இருந்து, அருகில் புதிய வீடுகள் வந்துவிட்டால், இந்த விதி சேரிக்கு எதிராகவே திரும்பும். மனைக்கற்கள் நடப்படுவதற்கு முன்பே இடுகாட்டைப் பதிவு செய்வது முதற்கடமை.

நீரின் பாதை

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். மலை நீர் ஓடைகள் வழியாக ஏரிகளுக்கு இறங்குவதே இவ்வூரின் நில அமைப்பு. மனைப்பிரிவு போடுபவர் தம் நிலத்தை மண்கொட்டி உயர்த்துகிறார். ஓடை குழாயாகச் சுருங்குகிறது. சில இடங்களில் சாலையாகவே ஆகிவிடுகிறது. உயர்த்தப்பட்ட நிலத்தின் நீர், உயர்த்தப்படாத நிலத்துக்குத்தான் போகும். சேரிகள் பலவும் பள்ளத்தில் அமைந்தவை. ஆகவே வடிகால் என்பது பொறியியல் கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை; யார் வீட்டுக்குள் வெள்ளம் புகும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

பஞ்சமி நிலம் என்ற பழைய கணக்கு

செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் இந்நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். சாலையோரப் புன்செய் மனையாக மாறும்போது, அதன் பழைய தன்மை ஒரே ஒரு பத்திரப்பதிவில் மறைந்துபோகக் கூடும். மனை வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் இதில் ஆபத்து உண்டு. நிபந்தனை மீறிய விற்பனை நிலைக்காது.

சட்டம் தரும் பிடிமானங்கள்

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன்பின் 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முற்பட்ட மனைகளே அவற்றின் வரம்புக்குள் வரும். 500 சதுர மீட்டரைத் தாண்டும் அல்லது எட்டுக் குடியிருப்பு அலகுகளுக்கு மேற்பட்ட திட்டங்கள், 2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கான மனைகளுக்கும் ஒதுக்கீடு உண்டு.

இவற்றுள் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகளும் திறந்தவெளியும் தானப் பத்திரத்தின் வழியாக உள்ளாட்சிக்கு மாற்றப்படுகின்றன. அதன்பிறகு அவை பொதுச்சொத்து. அந்தச் சாலையில் வாயிற்கதவு போட்டு, சேரி மக்களிடம் எங்கே போகிறாய் என்று கேட்கும் அதிகாரம் எந்த நலச்சங்கத்துக்கும் இல்லை.

செய்ய வேண்டியவை

1. மனைக்கற்களைக் கண்டவுடன் அந்தப் புல எண்களின் 'அ' பதிவேடு, புலப்படம், கிராம வரைபடம் ஆகியவற்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறுக. ஓடை, வாய்க்கால், பாதை, மந்தைவெளி, பஞ்சமிக் குறிப்பு ஆகியவற்றைத் தேடுக.

2. அங்கீகார வரைபடம், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, தானப் பத்திரம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ்க் கோருக.

3. சேரியின் பாதைகளையும் இடுகாட்டையும் மக்களே வரைபடமாக்குக. முதியோரின் வாக்குமூலங்களை நாளிட்டு எழுதிக் கையொப்பம் பெறுக.

4. ஊராட்சியாக நீடிக்கும் இடங்களில் கிராமசபைத் தீர்மானம் நிறைவேற்றுக. மாநகராட்சிக்குள் வந்துவிட்ட பகுதிகளில் கிராமசபையும் நூறுநாள் வேலையும் இல்லை. அங்கே வார்டுக் குழு, பகுதி சபைகளில் குரல் எழுப்புக.

5. சாலை இணைப்பையும் மழைநீர் வடிகாலையும் அங்கீகாரத்தின் நிபந்தனைகளாகவே சேர்க்குமாறு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எழுதுக. மதில் எழுந்தபின் இடிப்பதைவிட, வரைபடத்தில் கோட்டை மாற்றுவது எளிது.

6. வழி அடைக்கப்பட்டால் வருவாய்த் துறைக்கு மனு அளிப்பதோடு நின்றுவிடாமல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகாரும் அளிக்குக.

வளர்ச்சியை நாம் எதிர்க்கவில்லை. சேரியின் இளைஞர்களுக்கும் வீடு வேண்டும். நகரத்தின் குடிநீரும் தெருவிளக்கும் வேண்டும். புதிய மனைப்பிரிவின் சாலை சேரித் தெருவோடு இணைந்தால் அவை அங்கும் வந்துசேரும். இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதவுகள் திறப்பதற்கு இத்தனை காலம் எடுக்கும் மண்ணில், புதிதாக ஒரு கதவு பூட்டப்படுவதை நாம் அனுமதிக்கலாகாது.