ஊட்டிய கையின் பெயர்

ஆங்கிலத்தில் 'ஃபாஸ்டர்' என்றொரு சொல் வழங்குகிறது. கலையை வளர்ப்பதற்கும், நட்பைப் பேணுவதற்கும், பிறர் மகவைத் தம் இல்லத்தில் வைத்துக் காப்பதற்கும் இந்த ஒரு சொல்லையே ஆள்கின்றனர். இம்மூன்றில் முந்திய பொருள் எது எனக் கேட்டால், மூன்றும் அல்ல என்பதே விடை. முதற்பொருள் உணவு.

நார்மானியர் இங்கிலாந்தை வென்ற 1066-ஆம் ஆண்டுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் 'ஃபோஸ்டொர்' என்றால் ஊட்டம். இன்று உணவைக் குறிக்கும் 'ஃபுட்' என்பதும் அதே வேரில் முளைத்ததுதான். ஊட்டி வளர்த்த தாய், ஊட்டப்பெற்ற குழந்தை, உடன் உண்டு வளர்ந்த சகோதரன் ஆகியோரை அக்காலத்தவர் இச்சொல்லோடு சேர்த்தே அழைத்தனர். பெற்றவர் யார் என்று அச்சொல் வினவவில்லை. உண்பித்தவர் யார் என்றே வினவியது. ஊக்குவித்தல் என்ற விரிந்த பொருள் பின்னால் வந்து ஒட்டியது.

சொல் ஆங்கிலமாயினும் வழக்கம் செழித்தது அயர்லாந்தில். அங்கே தம் மக்களைப் பிறர் இல்லத்தில் வளரவிடுவது அநாதைகளுக்கான ஏற்பாடன்று. குடிகளைப் பிணைக்கும் உறவு. பழைய ஐரிஷ் சட்டநூல்கள் அன்பின்பொருட்டு வளர்ப்பதையும் கட்டணம் பெற்று வளர்ப்பதையும் பிரித்துப் பேசின. தந்தையின் தகுதிக்கேற்பக் கட்டணம் மாறும். குழந்தையின் கூழும் மாறும்! எளியோன் மகனுக்கு உப்பிட்ட வெண்ணெய், தலைவன் மகனுக்குப் புதுவெண்ணெய், அரசன் மகனுக்குத் தேன். கூழுக்குள்ளும் படிநிலை புகுந்துவிட்டதைப் பாருங்கள். எனினும் வளர்ந்த பிள்ளை, வளர்த்தோரை முதுமையில் தாங்கக் கடமைப்பட்டவன்.

இவ்வுறவின் வலிமையை ஆள்வோர் நன்கறிந்திருந்தனர். 1366-இல் கில்கென்னியில் இயற்றிய சட்டங்கள், அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் மக்களோடு மணவுறவு கொள்வதையும் வளர்ப்புறவு கொள்வதையும் ஒருங்கே தடுத்தன. வழக்கமோ ஒழியவில்லை.

பிற்காலத்தில் இச்சொல் அரசாங்க ஏடுகளில் குடிபுகுந்தது. 1945-இல் இங்கிலாந்தில், பண்ணை வீடொன்றில் வளர்ப்புக்கு விடப்பட்ட சிறுவன் கொடுமையால் மாண்டான். ஊட்டம் எனப் பொருள்பட்ட சொல்லின் நிழலில் ஒரு பிள்ளை வாடி இறந்தது நாட்டையே உலுக்கியது. 1948-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் உள்ளூராட்சி தோறும் இதற்கெனக் குழுவும் அலுவலரும் வேண்டுமென விதித்தது.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இதே சொல்லை ஆள்கிறது. தமிழில் 'வளர்ப்பு மகள்' என்றால் தத்தெடுத்தவளையும் குறிக்கும், இடையில் காக்கப்படுபவளையும் குறிக்கும். வெளிமாநிலங்களில் ஆங்கிலப் படிவங்களைக் கையாளும் நாம் இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். தத்தெடுத்த குழந்தை சட்டப்படி நம் குழந்தையே. பிறந்த குடும்பத்தோடு சட்டத் தொடர்பு அற்றுவிடும். 'ஃபாஸ்டர்' முறையிலோ, குழந்தையை நம்மிடம் ஒப்படைப்பது குழந்தைகள் நலக்குழு. காலத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. குழந்தையின் நலனுக்கு ஊறு என அக்குழு கருதினாலன்றி, பெற்றோர் வந்து தம் மகவைக் கண்டு செல்லலாம்.